யக்ஞநாராயணனுக்கு ஒரு பொன்னாடை

லோகநாயகி அக்காவைப் பற்றி எழுதுவது என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொள்வதுதான். பரவாயில்லை, இன்னும் மூன்று மாதத்தில் எனக்கு ஓய்வு. சொல்லிவிட்டே போகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் கிளை நூலகத்துக்கு நான்தான் நூலகர். பெயர் ஜென்சி. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அது ஒரே ஓர் அறை. மழை வந்தால் எனக்கு முன்னால் புத்தகங்களுக்குக் குடை பிடிக்க வேண்டும். தினமும் வருவது எட்டு ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருபவர்கள். தவறாமல் வருபவர் லோகநாயகி அக்கா ஒருவர்தான்.

அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கர் வேலை பார்த்தவர். காலர் கோணலாக இருந்தால், நூல் தொங்கினால், பிடித்துத் திருப்பி அனுப்புவது. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு போய்விட்டது. பிறகு அம்மாவும் போய்விட்டார். "வூட்ல இருந்தா பொழுது சாயற வரைக்கும் வாயே தொறக்காம போயிடுது மேடம்" என்பார். காலையில் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தினசரி வாசகர் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தால் கட்டடத்தை இடித்து மாடியோடு பெரிதாகக் கட்டித் தருவார்கள். இல்லையென்றால் நூலகத்தை மூடி வேறு கிளையோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்த ஆறு மாதத்து வருகைப் பதிவேட்டை அனுப்ப வேண்டும். உள்ளே வருபவர்கள் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற நோட்டு அது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அக்காவின் முகம் செத்துப்போனது.

"மூடிட்டா நான் எங்க மேடம் போவேன்?"

கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தேன்.

மறுவாரம் பதிவேட்டைப் பார்த்தால் ஒரே நாளில் அறுபத்து மூன்று பேர். நான் கண்ணால் பார்த்தது ஒன்பது. நீல மை, கறுப்பு மை, சாய்ந்த எழுத்து, கோழி கிளறிய எழுத்து. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க டீ குடிக்கப் போனீங்களே, அப்போ வந்துட்டுப் போனாங்க மேடம்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

தாம்பரத்தில் மின்சார ரயில் நின்றால்கூட அத்தனை பேர் அவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்க முடியாது. நியாயமாக நான் நோட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. எனக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

முப்பது வருஷம் குறை பிடித்தவரிடம் யார் குறை பிடிப்பது? அவர் நோட்டில் உண்டாக்கிய ஆட்கள் எல்லாரும் தினமும் வரமாட்டார்கள். மெட்டில்டா நர்ஸுக்குப் படிக்கிற பெண், பரீட்சை நேரத்தில் மட்டும் வருவாள். பத்ரிக்கு ஷிஃப்ட் மாறினால் நேரமும் மாறும். யக்ஞநாராயணன் மட்டும் மழையோ வெயிலோ, வந்துவிடுவார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகுட்டி இல்லை.

முதலில் நான் கிண்டலுக்குத்தான் கேட்டேன். "என்னக்கா, இன்னிக்கு வாத்தியார் வரலையா?"

"முட்டி வலி மேடம். பஸ் ஏற முடியல. ரெண்டு நாள் ஆவும்."

பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி, ஆனால் காபியில் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு இல்லையென்று சாதிக்கிறார். திருநீர்மலை ஏறப் போய்ப் பாதியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார். ஒருநாள் செல்லியம்மாள் என்று ஒருவர், ரத்தமும் சதையுமாகவே, அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார வந்தார். "இங்க ஆள் வர்றாரு" என்று அவரை வேறு மேஜைக்கு அனுப்பிவிட்டார் அக்கா. அதோடு என் கிண்டல் நின்றது.

அனுமதி வந்தது. கட்டடத்தை இடித்தார்கள். ஒன்றே கால் வருஷம் ஒரு வாடகைக் கடையில் புத்தக மூட்டைகளுக்கு நடுவில் நூலகம் நடந்தது. "இனிமே எழுத வேணாம்க்கா, வேலை முடிஞ்சுது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"திடீர்னு நிறுத்தினா எப்படி மேடம்? பாவம்" என்றார். யார் பாவம் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் திறப்பு விழா. இரண்டு மாடி, எண்பது நாற்காலி, சுவரெல்லாம் பெயின்ட் வாசனை. இப்படி ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. விழாவுக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். பழைய பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றி, அதிக நாள் வந்த வாசகரைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். எனக்கே சொல்லாமல் வைத்திருந்த இன்ப அதிர்ச்சி!

"அறுநூற்றுப் பதினான்கு நாட்கள் வருகை தந்த வாசகர் திரு. யக்ஞநாராயணன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தார். முதல் வாசகர் பொய் என்றால் மற்ற பெயர்களையும் தோண்டுவார்கள். என் வேலை போகும், அக்காவின் மானம் ஊர் முன்னால் போகும். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்து நின்றார்.

"அவர் இல்ல சார். நேத்து காலைல தவறிட்டாரு."

கூட்டம் 'அடடா' என்றது. அதிகாரி ஒலிபெருக்கியிலேயே ஒரு நிமிடம் மௌனம் கேட்டார். எண்பது பேர் எழுந்து நின்றார்கள். அந்த அமைதியில் அக்கா தேம்பித் தேம்பி அழுதார். சாமர்த்தியக்காரி, என்னமாய் நடிக்கிறாள் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. "அவர் வீட்டில் சேர்த்துவிடுங்கள்" என்று அதிகாரி பொன்னாடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் போன் செய்தேன்.

"என்னக்கா, புது நூலகம் பிடிக்கலையா? பயமா? யாருக்கும் சந்தேகம் வரல, தைரியமா வாங்க."

"பயம்லாம் இல்ல மேடம். பதினாறு முடியட்டும், வர்றேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் என்ற வழக்கம் இல்லை.

"அது சொந்தக்காரங்க இருக்கிற துக்கம் இல்லையாக்கா?"

"ஆமா மேடம்" என்றார் அக்கா. "அவருக்கு என்னை விட்டா வேற யாரு இருக்காங்க?"