சங்கரபாண்டிக்கு நான் போடாத கையெழுத்து

சங்கரபாண்டியை எனக்குப் பிடிக்காது. இலஞ்சிக்காரன். வயது பத்தொன்பதுதான், வாய் மட்டும் ஏழு ஊருக்குக் காணும். 1936இல் தென்காசியில் நான் கட்டட ஓவர்சியராக இருந்தபோது என்னிடம் வரைபடம் போடச் சேர்ந்தான். பம்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடம் வடிவமைக்கப் படிக்க வேண்டும் என்று அவனுக்கு வெறி. ஒரு வருடம் வேலை பழகினான், தகுதியானவன் என்று ஓவர்சியர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே சேர்ப்பார்களாம். அந்தக் கையெழுத்து என்னுடையது. அது தெரிந்தும் பயலுக்கு வாய் அடங்கவில்லை.

மெட்ராசுக்கு ஒரு தடவை போய் வந்தான். நாடே அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களை ஒன்று விடாமல் ஏசினான்.

"எல்லாம் தெருவுல நின்னு பாக்கதுக்குக் கட்டினது அண்ணாச்சி. மேல பாத்தா கும்பமும் கோபுரமும். உள்ள குமாஸ்தா பட்டப்பகல்ல வெளக்கப் பொருத்தி வச்சு எழுதுதான். கட்டினவன் ஒருநாளாவது அந்த நாற்காலியில உக்காந்து பாத்தானா?"

"ஒனக்கு எவனத்தாம்லே பிடிக்கும்?"

"எழும்பூர் ஸ்டேஷனுக்குப் படம் போட்டவனப் பிடிக்கும். தெருவுல வார வண்டி பிளாட்பாரம் வரைக்கும் போவுது. பெட்டி சுமக்கவன் முதுக நெனச்சிருக்கான். பொறவு, நம்ம தென்காசிக் கோயில் வாசல்ல சிலுசிலுன்னு அடிக்குதே, அந்தக் காத்து வாரதப் பாத்து வாசல் வச்சானே, அவன் கால்ல விழலாம். பேருதான் தெரியல."

என் பெயர் அவனுக்கு நன்றாகவே தெரியும். மாதாமாதம் சம்பளம் தருகிறவன் பெயரை ஒரு மரியாதைக்காவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது.

கார்த்திகையில் வாசுதேவநல்லூர் தளவாய் முதலாளி வந்தார். ஐந்தருவிப் பக்கம் சீசன் பங்களா கட்ட வேண்டும். மெட்ராசில் கடலைப் பார்த்து வைத்த பெரிய கண்ணாடிச் சன்னலைக் கண்டு ஆசைப்பட்டிருந்தார். தனக்கு மலையைப் பார்த்து அதே மாதிரி வேண்டும் என்றார்.

"சாரல் உள்ள வராதுல்லா ஓவர்சியரே?"

"சொட்டு வராது முதலாளி" என்றேன்.

மலை இருப்பது மேற்கே. ஆனி, ஆடியில் சாரல் அடிப்பதும் மேற்கேயிருந்துதான். தென்காசியில் மாட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அவ்வளவு பெரிய வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்து அப்படிச் சொல்லிவிட்டேன்.

சங்கரபாண்டி படத்தில் அந்தச் சன்னலுக்கு மேல் நீளமாக ஓட்டு இறக்கம் ஒன்று போட்டு வைத்திருந்தான்.

"இது இல்லன்னா சாரல் கண்ணாடி இடுக்கு வழியா எறங்கி கட்டில் மெத்த பூரா நனையும் அண்ணாச்சி."

"இருந்தா மலை தெரியாதுலே. நீ கோட்டப் போடு, பேச்சப் போடாத" என்று ரப்பரை எடுத்து நானே அழித்தேன்.

மறு ஆனியில் முதலாளி குடும்பத்தோடு பங்களாவில் குடியேறினார். நாலாம் நாள் காலை சொட்டச் சொட்ட என் ஆபீசுக்குள் நுழைந்தார். அப்போதுதான் சங்கரபாண்டி பம்பாய்க்கான காகிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு எதிரே நின்றிருந்தான்.

"பங்களா கட்டினீரா, கொளம் வெட்டினீரா? பொம்பளைங்க பிள்ளைங்க எல்லாம் நனைஞ்சு நடுங்குது. எவன்வே படம் போட்டது?"

என் விரல் தானாக நீண்டது. "இவந்தான் முதலாளி. மேல இறக்கம் வைக்கச் சொல்லியிருந்தேன். படத்துல விட்டுட்டான்."

சங்கரபாண்டி என்னைப் பார்த்தான். கண்ட கட்டடத்தையெல்லாம் ஏசினவன், மேசைமேல் கிடந்த காகிதத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். முதலாளி அவனை மடையன் என்றார், முட்டாள் என்றார். நின்றான். பிறகு அவர் கண் அந்தக் காகிதத்தில் விழுந்தது. எடுத்துப் படித்தார்.

"தகுதியானவனா? இவனா? இதுல நீரு கையெழுத்து வேற போடப் போறீரோ?"

போட்டால் சற்று முன் சொன்னது பொய்யாகிவிடும்.

"இல்ல முதலாளி" என்றேன்.

சங்கரபாண்டி காகிதத்தை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. பம்பாய்க்கும் போகவில்லை. இன்று செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் தடி அளந்துகொண்டிருக்கிறான்.

எதிரே வந்தால் மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழி விடுகிறான். நடுத்தெருவில் நிறுத்தி நாலு பேர் பார்க்க ஏசினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நானும் பத்து வருடமாக அந்தக் கடைப்பக்கம் போய் வருகிறேன். பாவி, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.