செட் ஆவதற்கு முன் வந்த தண்ணீர்

கண்ணுகளா, ‘செட்’ என்கிற ஒரே இங்கிலீஷ் சொல்லுக்கு இத்தனை அர்த்தமா என்று பரீட்சைக்குப் படிக்கும்போது அலுத்துக்கொண்டீர்கள். எட்டாவதோடு நின்ற எனக்கு அதைக் கற்றுத் தந்தது மோட்டார் பிட்டர் வேலைதான். மோட்டாரும் பம்பும் சேர்ந்தால் ஒரு செட். வால்வைச் சரியான அளவில் வைப்பது செட். சில முதலாளிகள் நமக்கு செட் ஆகமாட்டார்கள். காங்கிரீட் இறுகுவதும் செட்தான். நான் அதிகம் களைத்தது இந்தக் கடைசி அர்த்தத்தில்.

தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துப் போர்வெல்லுக்குக் காற்றடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசர் செட் மாட்டப் போனேன். அது உட்காரும் காங்கிரீட் திட்டை, அதாவது பவுண்டேஷனை, முந்தின நாள்தான் போட்டிருந்தோம். மஞ்சள் காட்டில் தண்ணீர் இல்லாமல் இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. தோட்டத்துச் சொந்தக்காரர் பழனியப்பன் ஜோசியரிடம் நேரம் குறித்துவிட்டு வந்து நின்றார்.

“இன்னும் செட் ஆகலைங்க. அஞ்சாறு நாள் பொறுங்க.”

“அதுக்குள்ள மஞ்சளுக்குக் கருமாதிதானுங்க பண்ணோணும். நல்ல நேரத்துல ஒருக்கா ஓட்டி நிறுத்திப்போடலாமுங்க.”

ஒரு நிமிடம் என்று பேசி ஓட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் விழுந்தது. கற்பூரம் காட்டினார்கள். நிறுத்தப் போனேன், பழனியப்பன் ஸ்டார்ட்டருக்குக் குறுக்கே நின்றார்.

“மொதத் தண்ணி கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேராம நிறுத்துவாங்களா? ஊட்டுக்கு ஆகாதுங்க.”

“பவுண்டேஷனுக்கு ஆகாதுங்க!”

“தாலி கட்டறப்ப மேளத்தை நிறுத்தச் சொல்ற ஆளாட்ட இருக்கறீங்களே!”

கம்ப்ரசர் தடதடவென்று உதறியது. போல்ட்டைச் சுற்றி விரிசல் ஓடியது. அவர் மனைவி சரசக்கா குனிந்து திட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, காச்சக் கண்ட மாடாட்ட நடுங்குதுங்க. செட்டே கவுந்துபோச்சுன்னா எந்தப் பாத்திக்குங்க தண்ணி? நகருங்க.”

சரசக்காவே நிறுத்தினார். பழனியப்பன் வாய்க்கால் முனையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திட்டை உடைத்து மறுபடி போட்டோம். இறுகும்வரை காத்திருந்ததில், தண்ணீர் எட்டாத பாத்திகள் கருகின. நனைந்தவை பிழைத்தன.

காங்கிரீட் மேலே தொட்டால் கெட்டியாக இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. அவசரப்படுகிறவர் கெட்டவர் இல்லை, அவர் காடு காய்கிறது. இருந்தாலும் பொறுக்கச் சொல்வது நம் வேலை. அப்படிச் சொல்லிச் சொல்லியே என் சர்வீஸ் முடிந்தது.

அந்தத் தோட்டத்தில் புதுத் திட்டுப் போட்ட மறுநாள் எனக்கு லீவு. ஆனாலும் பஸ் ஏறிப் போனேன். தோட்டத்தில் யாரும் இல்லை. தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை மொண்டு சாக்கை நனைத்து, காங்கிரீட் ஈரத்திலேயே இறுகட்டும் என்று திட்டின்மேல் விரித்துவிட்டு வந்தேன்.