குறுக்கே உழுத வயல்

நாற்காலி என்பது மற்றவர்கள் உட்காருவதற்கு. அவளுக்கோ சுற்றி வருவதற்கு. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பாசனத் துறையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், வேலையை விட்டுப் போன பொறியாளரின் கையேடுகளைத் தானாகவே படித்து, ஈரப்பத வரைபடம் போடும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள். எந்த மதகைத் திறக்க வேண்டும் என்பதை அந்த வரைபடமே தீர்மானித்தது.

வேலையின் சாரம் இதுதான். செயற்கைக்கோள் எடுக்கும் ஒளிப்படம் இலையின் பசுமையைச் சொல்லும். செயற்கைக்கோள் ரேடாரின் நுண்ணலை மேகத்தையும் தாண்டி மண்ணைத் தொட்டுத் திரும்பும். திரும்பிய அலையில் இலையின் பங்கைக் கழித்தால், மிஞ்சுவது மண்ணின் பங்கு. அதிகம் திரும்பினால் ஈரம், குறைந்தால் வறட்சி.

முன்பொருமுறை வரைபடத்தில் தவறாக விழுந்த ஒரு கட்டத்தைக் கையால் திருத்தினாள். வேண்டியவர்களுக்குச் சாதகம் செய்தாள் என்று மெமோ வந்தது. அவள் திருத்தியதே சரி என்று பின்னர் தெரிந்தும், மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை. சூடு கண்ட பூனையாகிவிட்டாள். அன்றுமுதல் தேநீர் வாங்கிய சீட்டுகூட அவளுடைய கோப்புக்குத் தப்பாது.

இந்தப் பருவத்தில் வந்த வினை வேறு. தம்பியின் மக்காச்சோள வயல் வரைபடத்தில் நல்ல ஈரமென்று நின்றது. மதகு திறக்கவில்லை. தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, உன் சாட்டிலைட்டுக்குக் கண்ணு கெட்டுப்போச்சா? இங்க மண்ணு வாயப் பொளந்து கெடக்கு. இந்த வாரம் தண்ணி வரலைன்னா பயிரு போச்சு."

அவள் நேரில் போய்ப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. கைப்பிடி மண் விரலிடுக்கில் மாவாக உதிர்ந்தது. மேலாளரிடம் சொன்னதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தம்பி வயல் என்பதாலேயே கையால் எதையும் தொடக் கூடாது, கணக்கு தானாகச் சொன்னால் பார்க்கலாம் என்றார். பழைய மெமோவை அவர் நினைவூட்டவில்லை, நினைவூட்டவும் தேவையில்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோப்புகளை அலசினாள். மேகத்தால் ஒளிப்படம் பழையதாகி, இலையின் பங்கு பிசகியிருக்குமோ? பயிர் முழங்காலைக்கூட எட்டவில்லை. இலை செய்யக்கூடிய தவறு இவ்வளவு பெரிதாக இருக்க முடியாது. கருவி பழுதோ? அக்கம்பக்கத்து வறண்ட வயல்கள் வரைபடத்திலும் வறட்சி என்றே ஒழுங்காக நின்றன. எல்லாக் காகிதமும் அவள் கணக்கின் பக்கம் சாட்சி சொன்னது. வயல் மட்டும் சொல்லவில்லை.

மறுபடியும் வரப்பில் போய் நின்றாள். வயலுக்குள் இப்படியும் அப்படியும் நடந்ததில், சாலோரம் மேடாகக் கிடந்த உழவுக்கரை தடுக்கி விழப்போனாள். தம்பி கையைப் பிடித்தான்.

"பாத்து நட. அதான் இந்த வாட்டி குறுக்கால உழுதிருக்கேன்னு சொன்னேன்ல."

சொல்லியிருந்தான். கிழக்குச் சரிவில் ஓடுகிற தண்ணீர் நிற்கட்டும் என்று குறுக்கே உழுததாக விதைப்பின்போதே பெருமையாகச் சொன்னான். அவள் விசைப்பலகையில் தட்டியபடியே "சரி சரி" என்றிருந்தாள். காகிதத்தில் வராததால் அது அவளுக்கு வந்ததாகவே இல்லை.

ரேடார் மேலிருந்து நேராகப் பார்ப்பதில்லை. மேற்கிலிருந்து சாய்வாகப் பார்க்கும். உழவுக்கரைகள் பார்வையின் போக்கிலேயே கிடந்தால் அலை வழுக்கிப் போய்விடும். குறுக்கே நின்றால் படிக்கட்டில் மோதிய பந்துபோல் திரும்பி வரும். மேட்டில் பட்டுத் திரும்பிய அலையைக் கணக்கு ஈரம் என்று படித்துவிட்டது. கணக்கிலோ எல்லா வயலுக்கும் ஒரே உழவுத்திசை. அதை நிரப்பியவளும் அவளே.

தம்பி வயலை மட்டும் திருத்தினால் பழைய பழி புதிதாக முளைக்கும். ஆகவே திசைகாட்டியோடு வரைபடத்திலுள்ள வயலெல்லாம் சுற்றினாள். "மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி வயல் வயலா அலையறியே" என்று தம்பி கேலி செய்தபடி பின்னால் நடந்தான். எல்லாத் திசைகளையும் நிரப்பி, கணக்கை மறுபடி ஓட்டினாள்.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க தம்பி வயலு மட்டுந்தான் மாறுதா?"

"இல்ல சார். குறுக்கே உழுதது யாரோடதா இருந்தாலும் மாறுது. உங்க மச்சினர் வயலும் இருக்கு."

அவர் இருமினார், கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "அந்தப் பழைய மெமோவக் கிழிச்சிடுங்கம்மா," என்றார்.

"கிழிக்கமாட்டேன் சார். ரத்துன்னு எழுதிக் குடுங்க. ரெண்டையும் சேத்து வெச்சுக்கறேன்."

எழுதிக் கொடுத்தார்.

மதகு திறந்தது. தண்ணீர் முதல் கரையில் முட்டி நின்று, நிரம்பி, அடுத்த சாலுக்குள் மெல்ல நுழைந்தது. தம்பி இடுப்பில் கை வைத்துச் சிரித்தான்.

"இப்பவாவது ஒரு நிமிஷம் உக்காரேன் அக்கா."

அவள் காதில் விழவில்லை. பக்கத்து வயலில் யாரோ ஏர் பூட்டிய டிராக்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் என்று பார்க்க, திசைகாட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் வேகமாக நடந்தாள்.