மிளகாய் மச்சுப் பலகைகள்

மட்டாஞ்சேரியில் எங்காவது பழைய கட்டடம் இடிபடுகிறது என்று காதில் விழுந்தால் அன்று எனக்குக் கடையில் வேலை ஓடாது. வற்றல் மிளகாய்த் தரகு என் தொழில், மரவேலை என் கிறுக்கு. கடையில் புதுப் பலகை வாங்கி மேசை செய்கிறவன் ஒன்று பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏமாளியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இடித்த மரத்தை மொத்தமாக அள்ளி வருவேன். ஆணி பிடுங்கி, இற்றதை விறகுக்குத் தள்ளி, மிச்சத்தில் எதையாவது செய்வேன். என் கையில் உருவான ஸ்டூல் ஒன்றுகூட நாலு காலும் தரையில் பட நின்றதில்லை. மனைவி ஒவ்வொன்றுக்கும் அட்டையை மடித்து முட்டுக்கொடுத்து வைப்பாள். எதையும் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளுக்குச் சில வருஷங்களாகவே மூச்சு முட்டல். மல்லாந்து படுத்தால் நெஞ்சின்மேல் மூட்டை ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னார் டாக்டர். மூன்று தலையணை அடுக்கினோம், விடிவதற்குள் மூன்றும் மூன்று பக்கம் போய்விடும். தலைப்பக்கம் தூக்கி நிறுத்துகிற இரும்புக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும், எடுத்து வரட்டுமா என்றேன்.

"அது வந்தா வீடே ஆஸ்பத்திரி ஆயிரும். வேணாங்க" என்றாள்.

அப்படியானால் அதே மாதிரி மரத்தில் நானே செய்து தருகிறேன் என்றேன். கேட்காததையெல்லாம் செய்து தருவதாகச் சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

அந்த நேரம் பார்த்து, காயலை ஒட்டியிருந்த பழைய பண்டகசாலை ஒன்றை ஹோட்டலாக்குவதற்காக இடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த இடம்தான். சரக்கு பார்க்க அதன் மச்சில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அங்கே மிளகாய் மூட்டைதான் அடுக்கியிருந்தார்கள். மச்சுப் பலகை எல்லாம் நல்ல தேக்கு, விரலால் தட்டினால் கணீரென்றது. நான் நாலைந்தைத் தனியாக இழுத்து வைப்பதைக் கண்டு இடிப்புக்காரர் முடியாது என்று தலையாட்டினார்.

"பொறுக்கி எடுக்கான் பற்றில்லா இக்கா. மொத்தமா எடுக்கணும்."

மொத்தமாக எடுத்தால் விலை பாதிக்கும் கீழே. எனக்குச் சந்தேகமே வரவில்லை. போதாக்குறைக்கு, மிளகாய் ஊறிய மரத்தில் செல் அரிக்காது, பூச்சி அண்டாது என்று மனசுக்குள் லாபக் கணக்கு வேறு போட்டேன். பெட்டி ஆட்டோவில் ஏற்றியவர்கள் முகத்தில் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு தும்மிக்கொண்டே ஏற்றினார்கள். இக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று ஒருவர் என்னைக் கேட்டார். முப்பது வருஷமாக மிளகாய்க்குள் கிடந்த மூக்கு, அதற்கு என்ன செய்யும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பலகைகளைக் குழாயடியில் வைத்துக் கழுவினேன். அத்தோடு அதன் கதை முடிந்துவிட்டதாக நினைப்பு. காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெளியே வேலை செய்ய வழியில்லை. முன்னறையில் சாமான்களை ஓரம் தள்ளி, சாரல் அடிக்காமல் ஜன்னலையும் சாத்திவிட்டு இழைப்புளியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கொஞ்சம், ஞாயிறு முழுக்க என்று வேலை நடந்தது. முன்னறைக்கும் அவள் படுக்கும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு திரை மட்டும்.

அவளுக்கு இருமல் கூடியது. ஈரக் காற்று, மழைக்காலம் இப்படித்தான் என்றேன். இன்னும் கூடியது. இன்ஹேலரை ஒழுங்காக இழுக்கிறாயா இல்லையா என்று அதட்டினேன். அவள் இழுத்துக் காட்டினாள். அந்த முகம் இப்போதும் என்னை விடமாட்டேன் என்கிறது. கட்டிலைச் சீக்கிரம் முடித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவாள் என்று நான் இன்னும் வேகமாக இழைத்தேன். அவள் உள்ளே இருமினாள், நான் வெளியே இழைத்தேன். இரண்டு வாரம் இது நடந்தது.

சுள்ளிக்கலில் இருக்கும் அவள் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தாள். வாசல்படி தாண்டியவள் அப்படியே நின்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன மச்சான் இது, வீட்டை அடைச்சுப் போட்டு மிளகாய் வறுக்கிறீங்களா?"

எனக்கு ஒரு நெடியும் தெரியவில்லை. மரச்சீவலைக் கை நிறைய அள்ளி முகர்ந்து பார்த்தேன். மரவாசம்கூட வரவில்லை. ஒரு சீவலை நாக்கில் வைத்தேன், எரிந்தது. ஆணி ஓட்டையிலும் விரிசலிலும் அத்தனை வருஷமாக இறங்கி உட்கார்ந்திருந்த தூளை எல்லாம் நான் சுரண்டிச் சுரண்டி என் மனைவியின் நெஞ்சுக்குள் அனுப்பியிருக்கிறேன். கொழுந்தியாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். அக்காளின் துணிமணிகளை ஒரு பையில் திணித்து, ஆட்டோ பிடித்து, சுள்ளிக்கலுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

"உனக்கு ஏன் சொல்லத் தோணல?" என்று ஆட்டோவில் ஏறும்போது மனைவியிடம் கேட்டேன்.

"ஆசையா செஞ்சீங்க" என்றாள்.

அன்றே பலகைகளை மொத்தமாக ஏற்றி வெளியே அனுப்பினேன். சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், திரைகளை வெந்நீரில் ஊறப்போட்டேன், அறையை மூன்று முறை துடைத்தேன். அப்புறம் எந்த ஏமாளியை இத்தனை நாள் கேலி செய்தேனோ அவனைப் போலவே கடைக்குப் போய்ப் புது ரப்பர் மரப் பலகை வாங்கினேன். மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்து அறுத்தேன். கடைக்கு வெளியே இருந்த நேரமெல்லாம் அதற்கே போனது, சுள்ளிக்கலுக்குப் போனில் விசாரித்ததோடு சரி. கட்டிலின் தலைப்பக்கம் மூன்று படியாக உயரும், கீல் முனகாது. நாலு காலும் தரையில் பட்டன. பட்டவுடன் எனக்கு அழுகை வந்தது.

கட்டில் முடிந்த மறுநாள் கடையை மதியத்தோடு அடைத்துவிட்டு, நேராகச் சுள்ளிக்கலுக்குப் போனேன். சாயங்காலமே அழைத்து வந்துவிடலாம் என்று நினைப்பு. கொழுந்தியாள் வாயில் விரல் வைத்து உள்ளே காட்டினாள்.

தரையில் ஒரு பாய். தலைமாட்டில் ஒரே ஒரு தட்டைத் தலையணை. என் மனைவி மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது. மூச்சில் விசில் சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் அவள் இப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன்.

"நாலஞ்சு நாளா லாத்தா இப்படித்தான் தூங்குது மச்சான்" என்றாள் கொழுந்தியாள் மெல்ல.

நான் சந்தோஷப்பட்டு, பாயின் அருகில் போய்க் குனிந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

கேட்ட மறுநொடி இருமினாள். எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நான் என் சட்டையைப் பார்த்தேன். காலையிலிருந்து மூட்டைக்குள் கைவிட்டுச் சரக்கு பார்த்த சட்டை. தினமும் இந்த மாதிரி ஒரு சட்டையோடுதான் வீட்டுக்குப் போனேன். அதோடுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். இரண்டு வாரப் பலகைதான் குற்றவாளி என்று நான் நினைத்தது பொய். கல்யாணமான நாளிலிருந்து நான் சுமந்து வந்ததை அவள் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த வயசில் எனக்கு வேறு தொழில் தெரியாது.

அப்படியே பின்வாங்கி, படி இறங்கி, கேட்டருகே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் எட்டிப் பார்த்தாள்.

"கட்டில் ஆச்சா?"

"இல்ல" என்றேன். "இன்னும் நிறைய நாள் ஆகும்."