சிவஞானம் அண்ணையின் கண்ணாடி இறக்கைப் பூச்சி

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் தொலைபேசி அடித்தது. புறநகரான பொபினியிலிருந்து சிவஞானம் அண்ணையின் மகள். "அப்பா விடிய எழும்பேல்லை அக்கா. நித்திரையிலேயே போயிட்டார்" என்றாள். அவஸ்தைப்படாமல் போனாரே என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் தெருவில் உள்ள எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அவரைக் காய்கறிப் பெட்டி உடைக்கிறவராகத்தான் அறிவீர்கள். யாழ்ப்பாணத்தில் அவர் விலங்கியல் ஆசிரியர். கத்தரிக்காயில் புழு இருந்தால் மட்டும் அந்த ஆசிரியர் வெளியே வருவார். புழுவின் பெயரையும் குடும்பத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் காயை மாற்றிக் கொடுப்பார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு என்று நினைக்கிறேன், ஒரு மே மாதம். கொழும்பிலிருந்து வந்த கறிவேப்பிலைக் கட்டில், இலைகளுக்கு அடியில், மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் கடுகிலும் சிறிய பச்சை மணிகள் நின்றன. பாண்டிச்சேரிக்காரி நான், பூஞ்சணம் என்று நினைத்தேன். "தூக்கிப் போட்டுடட்டா அண்ணே?" என்றேன்.

"ஐயோ பிள்ளை, தொடாதை! கண்ணாடி இறக்கைப் பூச்சியின்ரை முட்டை!" கட்டைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இலங்கையில் மட்டுமே உள்ள ஓர் இனத்தை மாணவராக இருந்தபோது ஆராய்ந்தாராம். எல்லாம் ஊசி குத்திய பூச்சிகள். "செத்ததைத்தான் பார்த்தனான். ஒருக்கால் பறக்கிறதைப் பார்க்கவேணும். இது அதுதானோ எண்டு செட்டை முளைச்சால்தான் தெரியும்" என்றார்.

முட்டையிலிருந்து வந்த புழுக்களை ஊறுகாய்ப் போத்தல்களில் தனித்தனியாக வளர்த்தார். சார்செல் ஊரில் நண்பர் வீட்டு ரோஜாச் செடியிலிருந்து அசுவினிப் பூச்சி பிடித்து வந்து தீனி போட்டார். அவர் வராத ஒருநாள், கடை முதலாளி எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டிவிட்டார். ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்தெழுந்து முன்னுக்கு வந்த மனிதர். தனிமை அவருக்குத் தாங்காது. "பாவம், தனியக் கிடக்குதுகள். பேச்சுத் துணைக்கு விட்டனான்" என்றார். மறுநாள் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றவற்றை அது தின்றுவிட்டது.

அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் கோபிக்கவில்லை. "தாய்க்குத் தெரியும் முதலாளி, பிள்ளையள் ஒண்டை ஒண்டு தின்னுமெண்டு. அதுதான் முட்டையளைத் தனித்தனிக் காம்பிலை தூக்கி வைக்கிறவள்" என்று மட்டும் சொன்னார்.

மிஞ்சியது பட்டாணி அளவில் வெள்ளைக் கூடு கட்டிக்கொண்டது. முதலாளி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார். நானும் வியாபாரத்தை விட்டுக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது அது வெளியே வந்தது. இளம்பச்சை உடம்பு, பொன் நிறக் கண், வெங்காயத் தோல் மாதிரி இறக்கை. அண்ணை போத்தலைக் கண்ணருகே பிடித்தார். "ஓம், அதுதான்! கன்னத்திலை சிவப்புக் கோடு கிடக்கு!" மூடியைத் திறந்தார். எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது குழல்விளக்கில் போய் அமர்ந்தது. அண்ணை அழுதார், சிரித்தார். என்ன அது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்கடை ஆள்தான். விசா இல்லாமல் வந்தவர்" என்றார்.

சில வாரம் தேன்தண்ணீர் குடித்துக்கொண்டு கடையிலேயே இருந்தது. பிறகு ஒருநாள் விளக்கின் கீழே செத்துக் கிடந்தது. குத்திப் பத்திரப்படுத்துவார் என்று குண்டூசியை நீட்டினேன். "வேண்டாம் பிள்ளை. பறந்ததைப் பார்த்தாச்சு" என்று சிரித்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கடை நிறைய ஆட்கள் முன்னால் வெட்கமில்லாமல் அழுத அந்த முகத்தை. ஒரு மனிதருக்கு ஆசைப்பட்டது கிடைத்ததை நேரில் பார்த்தவள் நான்.