தாணுலிங்கத்தின் கிரேக்கப் பாட்டு

ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் தாணுலிங்கத்தைக் கண்டாலே நாதஸ்வரக்காரர்களுக்கு ஆகாது. கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்ததும் நேரே அவர்களிடம்தான் போவார்.

"முகாரி எடுத்துராதேயும், கேட்டீரா? நல்ல காரியம் நடக்கப்பட்ட எடம்."

காலமெல்லாம் ஊதுகிறவரிடம் போய் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அது அவருக்குத் தாராளமாக உண்டு.

அப்பேர்ப்பட்டவர் கடையிலும் குளியலறையிலும் ஓயாமல் முனகுவது ஒரு கிரேக்கப் பாட்டு. மிளகாய்க்கு வருமுன் கிரேக்கக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். கடலில் போகிறவர்கள் மாதாவிடம் வேண்டிப் பாடுவது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். பச்சைப் பொய்.

அந்தப் பொய் மகள் கல்யாணத்தில் வந்து நின்றது.

"அப்பா, ரிசப்ஷனுக்கு உங்க பாட்டுதான். மேடையில பாட வர்ற கானமேளாக்காரங்க டியூன் படிச்சாச்சு. நீங்க பாடினா அடிபொளியா இருக்கும்!" என்றாள் திவ்யலட்சுமி.

"அது வேண்டாம் மக்களே."

"சின்னதிலே அதைப் பாடித்தானே என்னை உறக்கினீங்க? எனக்காக ஒரு பாட்டு பாடக்கூடாதா?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் அழுதுகொண்டே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தாணுலிங்கம் அடுக்களைக்குப் போய் மனைவி சிவகாமியம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

அந்தக் காலத்தில் அவருக்கு நாகர்கோவிலில் விஜயலக்ஷ்மி என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது. அவளுக்கென்று வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. கிரேக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து ஊருக்கு ஃபோன் போட்டபோது, அவளுக்கு முந்தின நாள் வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது என்றார்கள். அன்று மாலை துறைமுகத்துச் சாராயக் கடையில் ஒரு கிழவர் நீளக்கழுத்து வாத்தியத்தை மீட்டிப் பாடினார். அங்கே சாதாரண ஜனங்களின் பழைய பாட்டில் பாதி இப்படித்தான்: காதல் போச்சு, ஒரே நாளில் குடி முழுகிப் போச்சு. கூட வந்த மாலுமி அர்த்தம் சொன்னான். 'காலையில் எனக்கு வீடிருந்தது, பெண்ணிருந்தாள். மாலையில் இரண்டும் இல்லை.' தாணுலிங்கம் தேம்பித் தேம்பி அழுதார். முன்பின் தெரியாத அந்தக் கடையே அவரோடு சேர்ந்து அழுதது.

"முகாரியே வேண்டாம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, சொந்த மக கல்யாணத்துல இத எப்படிப் பாடுவேன்?"

சிவகாமியம்மாள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நிச்சயம் முறிஞ்சது எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க பொண்ணு பாக்க வரும்பமே ஊரு சொல்லியாச்சு. மாதா பாட்டுக்கு எவனாவது இப்படிக் கண்ணைத் தொடைப்பானா?" நறுக்கிய காயைச் சட்டியில் தள்ளிவிட்டு அவளே சொன்னாள்: "அவ போனதுக்கு இம்புட்டு நல்ல பாட்டு. நான் வந்ததுக்கு ஒண்ணு உண்டா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இவள் இதைக் கேட்டுக்கொண்டே சோறு போட்டிருக்கிறாளே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

ரிசப்ஷன் அன்று கானமேளாக்காரர்கள் அந்த மெட்டை எடுத்தார்கள். திவ்யலட்சுமி அப்பா முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். தாணுலிங்கம் எழுந்து போய் மைக்கை வாங்கினார். மெட்டு அதேதான், வார்த்தை மட்டும் தமிழ்.

'காலையில் எனக்கு வீடில்லை, பெண்ணில்லை; மாலையில் இரண்டும் வந்தன.'

சுருதி எங்கேயோ போயிற்று. மகள் நிமிர்ந்து சிரித்தாள். முன்வரிசையில் சிவகாமியம்மாள் பட்டுச்சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்திக்கு இலை போட்டாச்சா என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.