இருக்கைக்கு அடியில் ஒரு திருகு

ஓர் எந்திரத்துக்கு ஆண் யார், பெண் யார் என்று தெரியுமா? தெரியும் என்று அடித்துச் சொன்னவர்கள் நடுவில்தான் என் சித்தி டிராக்டர் ஓட்டினாள்.

நூற்றிருபது குதிரைத்திறன், ஆறு சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும். பின்சக்கரம் சித்தியைவிட உயரம். சித்தி ஓட்டிய பண்ணையில்தான் நான் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் அது உறுமிக் கிளம்பும்போது கொட்டகைத் தகரம் அதிரும் சத்தம் இன்றும் என் காதை விட்டுப் போகவில்லை.

சித்தி ஏறிய முதல் வாரமே தகராறு. வண்டி நன்றாக ஓடும். மேடுபள்ளத்தில் குலுங்கினால் மட்டும், பின்னால் மாட்டிய, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் சுழலாமல் நின்றுவிடும். பழைய டிரைவர் ஏறினால் நிற்காது. ஆள் பெரிய சரீரம்; எல்லோருக்கும் அவர் ‘டன்’. இந்த வண்டிக்குப் பெண் ராசியில்லை என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து களை பறிக்கப் போகும்படி முதலாளி சித்தியிடம் சொல்லிவிட்டார்.

சித்தி அழவில்லை. என்னிடம் ஓர் உர மூட்டை வாங்கிப் போய், மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். ரோட்டவேட்டர் நிற்கவே இல்லை.

கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தி, மேலிருந்தபடியே டன்னைப் பார்த்துக் கேட்டாள்: “மூட்டையும் ஆம்பளையா அண்ணே? உங்க கனம் இருக்கு, பேச்சுதான் இல்ல.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் சுழலும் கத்திகள் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. இருக்கையின் ஸ்பிரிங்கோ ஒரு திருகால் டன்னின் எடைக்கு இறுக்கப்பட்டிருந்தது. ஒல்லியான சித்தி குலுங்கும்போதெல்லாம், இருக்கையில் ஆளே இல்லை என்று வண்டி முடிவு செய்தது. அதை மன்னிக்கலாம், அதற்கு மூளை இல்லை. தலையாட்டியவர்களுக்கு இருந்ததே!

டன் முழங்காலிட்டுத் திருகைத் தளர்த்தினார். “நான் இறுக்கினதுதாம்மா. மறந்தே போச்சு.”

முதலாளி களையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. புருவமெல்லாம் புழுதியோடு சித்தி மாலையில் இறங்கி வரும் நடை இருக்கிறதே, அதற்குப் பிறகு அப்படி ஒரு நடையை நான் பார்க்கவில்லை.

உங்கள் இடத்திலும் ஒரு பெண்ணைப் பார்த்து ராசியில்லை என்று யாராவது சொல்லுவார்கள். தலையாட்டாதீர்கள். குனிந்து அந்தத் திருகைத் தேடுங்கள்.